முழுப் பங்கு

காலையில் கண் விழித்ததும் அந்நாளைய தூத்துக்குடித் தம்பதிகள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: “இது யாருது?” முட்டிப் பிடிப்போ பல் குடைச்சலோ, எதுவானாலும் இருவருக்கும் அதே இடத்தில் சரிபாதி வலிக்கும். கல்யாணப் பதிவு முடிந்த கையோடு இருவர் பிடரியிலும் வலிமாற்றியைப் பொருத்திவிடுவார்கள். வலியை அழிக்க விஞ்ஞானத்துக்கு இன்னும் துப்பில்லை. பங்கு போட மட்டும் கற்றுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா வீட்டில் அந்தக் கேள்வி நின்று மூன்று வருடமாயிற்று. அவள் கணவன் லூர்தப்பன் கடற்சுவரில் கயிற்றில் தொங்கி வேலை செய்பவன். ஒருநாள் முதுகு பிடித்துக்கொள்ள, கை நழுவி மயிரிழையில் தப்பினான். அந்த வாரமே அவள், ஒரு மெக்கானிக்கைப் பிடித்து அவன் வலி, தன் வலி இரண்டையும் முழுசாகத் தன் பேருக்கே மாற்றிக்கொண்டாள். பாதிக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். லூர்தப்பனுக்கு எதுவும் தெரியாது. உடற்பயிற்சியால் முதுகு சரியாயிற்று என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். இவள் அடுப்படியில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொள்வாள். அசட்டுப் பெண்!

ஒரு மாதமாகப் புது வலி. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, தோள்பட்டை வரை ஏறும், குமட்டும். இருவரும் ஒரே வேளையில் ஒரே சட்டி மீனைத்தான் தின்றார்கள் என்பதால், தான் தின்றதால் வந்த தன் வலிதான் என்று நம்பினாள். வலியில்லாதவனை நோயாளி என்று யாரும் நினைக்காத காலம் அது.

சனிக்கிழமை, டாக்டர் செண்பகவடிவு அவளைப் படமெடுத்துப் பார்த்தார்.

“நீங்க சொல்றதெல்லாம் பித்தப்பைக் கல்லோட அடையாளம். ஆனா உங்க பித்தப்பை சுத்தமா இருக்கே! நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“தவக்கால வெள்ளி, டாக்டரம்மா. ஒருசந்தி இருந்தேன். கஞ்சித்தண்ணிதான். ஆனா சாயந்தரம் உயிரே போயிட்டு.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவருக்கு ஏது ஒருசந்தி? பரோட்டாவும் சால்னாவும்…” சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது.

“அரைப்பங்குதானே? அவருக்கும் பாதி வலிச்சிருக்கணுமே?”

“இல்ல. முழுசும் எனக்குத்தான்.”

டாக்டர் திட்டவில்லை. அவன் கண் எப்படியிருக்கிறது என்று கேட்கச் சொல்லி, போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“ஏளா, வேலை நேரத்துல என்ன?” என்றான் லூர்தப்பன். காற்று இரைந்தது.

“உங்க கண்ணு எப்படியிருக்கு?”

“மஞ்சளா இருக்காம், பயலுவ கேலி பண்ணுதானுவ. லேசா குளிருது. மத்தபடி ராசா மாதிரி இருக்கேன்.”

“கீழ இறங்குங்க. இப்பவே!”

பேசிக்கொண்டிருக்கையிலேயே அவள் விலாவில் இறுக்கம் சட்டென்று விட்டது. “விட்டுட்டு, டாக்டரம்மா!” என்று பூரித்துப்போனாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். “அது நல்லதில்லம்மா. அவரோட பித்தப்பை கிழிஞ்சிருக்கும்.”

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் வலி திரும்பி வந்து அவள் வயிறு முழுவதும் பரவிவிட்டது. வாசலில் சுருண்டு கிடந்தவளைத்தான் எல்லோரும் தூக்க ஓடினார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே லூர்தப்பனும் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணுமில்ல, மொதல்ல இவளப் பாருங்க” என்று நர்சிடம் சண்டை போட்டான். மயக்க மருந்து கொடுக்கும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தது. ஆனால் சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் சின்ன வேலை என்றார் டாக்டர். அந்த ஒரு மாதத்தை ஜெசிந்தா ஆயுளுக்கும் மறக்கப்போவதில்லை.

மூன்றாம் நாள் காலை, இன்னும் கண் திறக்காத அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளின் வயிற்றில் வலி குறையத் தொடங்கியது. அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வயிற்றை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மாதாவே, இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும், இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சினாள்.