பெரியம்மா சும்மாதான் இருக்கிறாள்

"நேத்தும் நகம் வெட்டி விடலையே அக்கா! பாருங்க, கன்னத்தையே கீறி வச்சிருக்கா..."

சொல்லிக்கொண்டே ஓரகத்தி குழந்தையை நீட்டினாள். ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றம் அவள் குரலில் இருந்தது. அவள் கணவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். குழந்தைக்குப் பகலெல்லாம் பெரியம்மாதான்.

ஆனால் இன்று பெரியம்மா கை நீட்டவில்லை.

"நான் வேலைக்குப் போறேன். பழைய மருந்துக்கடையில மறுபடி கூப்பிட்டிருக்காங்க. போன வாரமே இவர்கிட்ட சொன்னேனே, உன்கிட்ட சொல்லலையா?"

சவரம் செய்துகொண்டிருந்த பெரியம்மாவின் கணவர் திரும்பவேயில்லை. "விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சேன். வீட்ல சும்மாதானே இருக்கே... அப்புறம் குழந்தைய யாரு பாப்பா?"

சும்மா! கக்கியதைத் துடைத்தது, காய்ச்சலில் தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டும் வாய் திறக்காமல் இருந்தது... எல்லாம் சும்மா. உழைப்புகூட அவளுக்கு வலிக்கவில்லை. கொஞ்ச காலமாக ஓரகத்தியின் பேச்சில் ஏறிவிட்ட அதிகாரம்தான் வலித்தது.

"திடீர்னு இப்படிக் கைய விரிச்சா நான் எங்கக்கா போவேன்? காப்பகத்துல பாதிச் சம்பளத்தக் கேக்கறாங்க. நீங்க பாத்துக்கறதுக்கு நான் மாசாமாசம் குடுக்காமலா இருக்கேன்?"

"என்னடி குடுத்தே?"

"காசுக்கா! உங்க கையில குடுத்தா உங்கள ஆயாவாக்கின மாதிரி ஆயிடுமேன்னு கூசிக்கிட்டு மாமாகிட்ட குடுத்தேன். 'அவகிட்ட இதப் பேசிடாதே, மனசு நொந்துடுவா'ன்னு அவர்தான்..."

பாதி முகத்தில் நுரையோடு அவர் இப்போது திரும்பினார். "குடும்பச் செலவுக்குத்தான்..."

"எந்தக் குடும்பம்? பிஞ்ச செருப்பத் தச்சுத் தச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேனே, நானா? இல்ல, வாசல்ல நிக்குதே புது பைக்கு, அதுவா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நுரையைத் துடைத்தார். ஓரகத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காசு குடுக்கறோம்கற திமிர்ல உங்கள வேலைக்காரி மாதிரி கேள்வி கேட்டேனேக்கா... ஒரு நாளாவது திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா?"

"நம்ம புள்ளையத்தானே பாக்கறோம்னு இருந்துட்டேன்டி..."

குழந்தை நடுவில் நசுங்க, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை அடங்கியும் கோபம் அடங்கவில்லை. பெரியவள் குழந்தையை வாங்கிக்கொண்டுபோய்க் கணவர் மடியில் உட்கார வைத்தாள்.

"காசு வாங்கினது நீங்க. நீங்களே பாருங்க!"

"ஏய்... எனக்கு ஆபீஸ் இருக்கு!"

"லீவு சொல்லுங்க. காப்பகத்துல இடம் கிடைக்கிற வரைக்கும் நீங்கதான். அங்க கட்டற காசும் உங்களோடது."

இரண்டு பெண்களும் படியிறங்கினார்கள். மேலே குழந்தை வீறிட்டது. பெரியவளின் கால் தானாக நின்றது.

"வாங்கக்கா... அவரு தூக்கட்டும்."

அவள் மேலே திரும்பிப் பார்த்தாள். ஆனால் கோபம் அந்த அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.