நாகச் சாடியில் ஒரு கைத்தடம்

மேற்கே செவ்வானம் இன்னும் அணையவில்லை. அதற்குள் கிழக்கே முழுமதி கடலை விட்டு மெல்ல எழும்பி, ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் தன் ஒளியைப் பரப்பத் தொடங்கிவிட்டது. வாசகர்களே, அந்த முகத்துவாரத்தைக் காவல் காத்து நிற்பதுதான் வேலங்குடிக் கோட்டை. ஆற்றை நோக்கிய அதன் மாளிகைக்குள் சற்றே வாருங்கள். காலடியைப் பார்த்து வையுங்கள். கைதவறி எதையாவது உடைத்து வைத்தால் நான் பொறுப்பல்ல!

அங்கே துறைமுகத் தலைவனின் தங்கை அரிஞ்சிகைப் பிராட்டி தனியாக நின்றுகொண்டிருந்தாள். தனியாக என்றா சொன்னேன்? சுற்றிலும் சீனத்துப் பச்சைப் பீங்கான் கிண்ணங்கள், அரக்குப் பூசிய பேழைகள், கடாரத்து வெண்கல விளக்குகள், சந்தன மரத் தடுப்புகள், இருவர் அமர இணையாகப் போட்ட பிரம்பு ஆசனங்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. வாய் அகன்ற சாடிகள் அத்தனை இருந்தும், "சாப்பிட்டாயா?" என்று அவளைக் கேட்க ஒன்றுகூட இல்லை.

இந்தப் பொருள் சேர்க்கும் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது? மணம் பேசி முடித்த கையோடு கடல் கடந்து போருக்குப் போன கண்டன் மழவரையன், "கப்பல் தொடும் தேசம்தோறும் ஒரு பொருள் அனுப்புவேன், நம் இல்லத்தை நீ அலங்கரித்து வை" என்று சொல்லிப் போனான். இரண்டு பொருள்கள் வந்தன. அதன்பின் அவன் கடலில் விழுந்து மாண்டான் என்ற செய்திதான் வந்தது. கொண்டுவந்தவன் அவனுடைய நண்பனும், இப்போது கடற்படைக்கே தலைவனுமான வில்லவதரையன். பிராட்டி அழுதாள், ஆனால் நம்பவில்லை. வீட்டை மட்டும் பாதியில் விட மனம் வரவில்லை. துறைக்கு வரும் மரக்கலம் ஒவ்வொன்றும் தன் அரும்பொருளை முதலில் அவளிடம்தான் காட்ட வேண்டும் என்பது ஆண்டுகள் செல்லச் செல்ல வழக்கமாகிவிட்டது.

இன்று அதற்கும் முடிவு வந்துவிட்டது. மதி மதிலுக்கு மேலே ஏறியதும் வில்லவதரையன் மணத்துக்கு அவளுடைய சம்மதம் கேட்டு வருவான். அண்ணன் வாக்குக் கொடுத்தாயிற்று. மறுக்க அவளிடம் காரணம் ஏதும் இல்லை.

பெருமூச்சுடன் அவள் மூலையிலிருந்த பெரிய சாடியிடம் போனாள். பழுப்பு வண்ண உடலில் நாகம் சுற்றிப் படர்ந்திருந்தது. வில்லவதரையன் ஒரு படையெடுப்பிலிருந்து கொண்டுவந்த அன்பளிப்பு அது. அதன் கழுத்துக்குக் கீழே கறுத்து இறுகிய குங்கிலியப் பிசினில் ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. "குயவன் வைத்த மங்கலக் குறி" என்று அவன் சொல்லியிருந்தான். சுண்டுவிரல் பாதியோடு நின்றுபோன அந்தக் கைக்குள் நாள்தோறும் விளக்கேற்றியதும் தன் கையை ஒரு கணம் வைத்து எடுப்பாள். அத்தனை பொருள்களிலும் மனிதச் சுவடு இருந்தது அது ஒன்றில்தான். வெட்கக்கேடு என்று தோன்றும், ஆனாலும் வைப்பாள்.

"பிராட்டி, யாரோ ஒரு வணிகர் வந்திருக்கிறார். அரும்பொருள் ஒன்று வைத்திருக்கிறாராம்" என்றாள் பணிப்பெண் குமுதை.

"வரச் சொல்."

நரைத்த தாடியும், நெருப்புச் சுட்ட கன்னமும், துணி சுற்றிய வலக்கையுமாக ஒருவன் வந்து வணங்கினான். மூட்டையிலிருந்து அவன் எடுத்தது ஒரு கொட்டாங்கச்சிக் குவளை. பிராட்டி வழக்கம்போல் நகத்தால் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

"ஐயா, என்னைப் பரிகசிக்க வந்தீரா?"

"இல்லை, தேவி. சாகக் கிடந்த ஒருவனுக்கு இதில்தான் தண்ணீர் புகட்டினார்கள்." கரகரத்த குரல் சட்டென்று நின்றது. அவன் பார்வை நாகச் சாடியின்மேல் விழுந்திருந்தது. "இதில் அல்லிப் பூவா வைத்திருக்கிறீர்கள்?"

"ஏன், வைக்கலாகாதா?"

"நம் முன்னோர் இறந்தவர்களைத் தாழியில் வைத்தார்களே, அதுபோல ஒரு தீவில் இந்தச் சாடியில் வைப்பார்கள். ஒருவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் சாடியை எடுத்து, அதன்மேல் பூசிய குங்கிலியத்தில் அவருடைய கையைப் பதித்துக்கொள்வார்கள். யாருடைய சாடி என்று மறுவுலகிலுள்ள முன்னோர்கள் அறிய வேண்டுமாம். அவர் பிழைத்துவிட்டாலும் அதை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. அவர் வீட்டு வாயிலிலேயே காத்திருக்கும்."

"அப்படியானால் இந்தக் கைக்கு உரியவர்..."

"காயம்பட்ட ஒரு வீரன். கூட வந்த நண்பனே அவனை அந்தக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனான். பின்னொரு நாள் கொள்ளையிட மறுபடியும் வந்த அதே நண்பன், ஊரைக் கொளுத்திவிட்டு, அழகாயிருக்கிறதே என்று இந்தச் சாடியையும் தூக்கிக்கொண்டு போனான். யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களுக்குப் பரிசளித்திருப்பானா?"

பிராட்டி ஓரடி முன்னே வந்தாள். "கடலில் மாண்டார் என்றல்லவா வில்லவதரையர் சொன்னார்!" என்றாள். "ஐயா, அந்த வீரர் பிழைத்தாரா? உண்மையைச் சொல்லும்!"

"பிழைத்தான். ஆனால் தங்களுக்கு மணம் என்று துறையில் கேள்விப்பட்டதும், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக நினைத்தான். இரண்டு பேருக்கென்று போட்ட ஆசனங்களைப் பார்த்த பிறகு அவனால் போக முடியவில்லை."

வலக்கையின் துணியை அவிழ்த்தான். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அந்தக் கையைக் குங்கிலியத்தின்மேல் வைத்தான். தடம் அணுவளவும் பிசகாமல் பொருந்தியது.

"மூன்றாவது பொருளைக் கொண்டுவரச் சற்றுத் தாமதமாகிவிட்டது, அரிஞ்சிகை" என்றான் கண்டன் மழவரையன்.

அவள் அழுதாள், அந்தக் கையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு, இத்தனை காலம் யாருடைய கைக்குள் கை வைத்து நின்றோம் என்று எண்ணி எண்ணி அழுதாள். நிலா மதிலைத் தாண்டியிருந்தது. வெளியே குதிரைக் குளம்பொலி கேட்டது. குமுதை பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பிராட்டி, படைத்தலைவர் வந்துவிட்டார்! என்ன சொல்லட்டும்?"

அரிஞ்சிகை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாடியிலிருந்த அல்லிப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அண்ணாவையும் காவலரையும் உடனே அழைத்து வா. படைத்தலைவரிடம், அவர் கொடுத்த சாடிக்கு உரியவர் வந்து காத்திருக்கிறார் என்று மட்டும் சொல்."