அசையாமல் இருந்தால் நல்ல படம்

படத்தில் அவளுடைய இரண்டு கைகளும் இருந்தன.

இணையத்தில் தன் விற்பனைப் பக்கத்தில் அதைப் போட்டு, கீழே "புது மோதிரம், மண்ணில் செய்தது, வேண்டுவோர் செய்தி அனுப்பவும்" என்று எழுதி முடித்த பிறகுதான் கவனித்தாள். எப்போதும் இடக்கை விரலில் மோதிரத்தைப் போட்டு, ஜன்னலோரம் வெள்ளை அட்டையின் மேல் கையை வைத்து, வலக்கையில் போனைப் பிடித்துத்தான் படம் எடுப்பாள். ஸ்டாண்ட் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்க்கொண்டிருந்தது. இந்தப் படத்திலோ இடக்கைக்குப் பக்கத்திலேயே வலக்கையும் கிடந்தது, விரல் நுனியில் காய்ந்த வார்னிஷோடு. படம் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தது, அவள் தோளுக்குப் பின்னால் நின்று யாரோ எட்டிப் பார்த்தது போல.

வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். அவள் எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஓவனுக்குள் வேகும் மண்ணின் வாசனை மட்டும் வீடெங்கும் கனமாக நின்றது.

படத்தை நீக்கிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் ஒரு கமெண்ட் வந்து விழுந்தது. "இப்பதான் படம் எடுக்கவே கத்துக்கிட்டீங்க போல." அடுத்தவர் விலை கேட்டார். அதற்கடுத்தவரும்.

மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தை நம்பி உட்கார்ந்தவள் அவள். இதுவரை ஈ ஓட்டியதுதான் மிச்சம். எதைப் போட்டாலும் தங்கை ஒரு லைக், தங்கையின் தோழி ஒரு லைக். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது. படத்தை அப்படியே விட்டாள்.

சாயங்காலம் அவர் வந்து போனை வாங்கிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே. யாரு எடுத்தா?"

"நான்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"அதானே," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அதன் பிறகு போனில் படங்கள் சேர ஆரம்பித்தன. கம்மலுக்குக் கம்பி வளைக்கும்போது ஒன்று, ஓவனுக்கு முன்னால் குனிந்திருக்கும்போது ஒன்று, தூக்கி முடிந்த கொண்டைக்குக் கீழே வியர்வை மினுங்கும் பின்கழுத்தும் அதன் இரு பக்கமும் ஆடும் மண் கம்மல்களுமாக ஒன்று. எல்லாமே பின்னாலிருந்து. எல்லாமே அவளால் ஒருநாளும் எடுக்க முடியாத அளவுக்கு அழகானவை. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போட்டாள். ஆர்டர் குவிந்தது, பெட்டி மடித்து, ஒட்டி, விலாசம் எழுதியே கை சோர்ந்தது. மேசையில் உட்காருவதற்கு முன் போனை எடுத்து முதுகுக்குப் பின்னாலிருக்கும் அலமாரியில் வைப்பதை அவள் பழக்கமாக்கிக்கொண்டாள். ஏன் வைக்கிறோம் என்று தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

மழை மூட்டமாக இருந்த ஒரு பிற்பகலில், கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது, பழைய ஈரத்துணி வாடை ஒன்று பின்னாலிருந்து மெல்லப் பரவியது. தரைப்பலகை ஒன்று முனகி ஓய்ந்தது. பின்கழுத்தில் மூச்சு பட்டது, குளிர்ந்த மூச்சு, மேலேயிருந்து கீழாக. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனாலும், படம் கலங்கிவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தாள்.

மறுநாள் போனில் புதிய படம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீடு சட்டென்று லேசாகிவிட்டது போலிருந்தது. போய்த் தொலைந்தது என்று நினைத்தாள். ஓவனைத் துடைத்தாள், ஜன்னல்களைத் திறந்து வைத்தாள், பாட்டுகூட முணுமுணுத்தாள்.

பிறகு வாங்கியவர்களின் படங்கள் வரத் தொடங்கின. அவள் பக்கத்தின் பெயரைச் சேர்த்து அவரவர் போட்டிருந்தார்கள். துணி மடிக்கும் ஒரு பெண், தட்டுக் கழுவும் ஒரு பெண், குழந்தையைத் தூங்க வைக்கும் ஒரு பெண். பின்கழுத்து, கம்மல். பின்கழுத்து, கம்மல். எல்லாம் ஒரே உயரத்திலிருந்து. ஒருத்தி மட்டும் கீழே எழுதியிருந்தாள்: "இது என் போன்ல எப்படி வந்துச்சுன்னு தெரியல. வீட்ல நான் தனியாத்தான் இருந்தேன்."

தங்கைக்கு அனுப்பிய கம்மல் பார்சல் நினைவுக்கு வந்தது.

உடனே அவளை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இப்பதான் உனக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன். பார்சல் வந்துடுச்சு. போட்டுட்டேன், அப்படியே ராணி மாதிரி இருக்கேன்."

"கழட்டிடு குட்டி."

"ஏன், வேற யாருக்காவது குடுக்க வேண்டியதா?"

"காரணம் அப்புறம் சொல்றேன். முதல்ல கழட்டு."

"இரு, அடுப்புல பால் இருக்கு. பொங்கிடும்."

போன் திரை ஒளிர்ந்தது. அவளுடைய பக்கத்தில் ஒரு புதிய படம். அவள் போடாதது. தங்கையின் வாடகை அறை. அடுப்புக்கு முன்னால் தங்கை, முதுகைக் காட்டியபடி. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். பாத்திரத்தில் நுரை எழும்பியிருந்தது.

இந்த நிமிடம் எடுத்தது.

"குட்டி, உன் ரூம் கதவு எந்தப் பக்கம்?"

"எனக்குப் பின்னாடி. என்னக்கா, ஒரு மாதிரி பேசுற?"

இன்னொரு படம். இன்னும் கிட்டத்தில். கழுத்தின் பூனைமயிர்கூடத் தெரிந்தது. சிலிர்த்து நின்றிருந்தது.

"கதவத் திறந்து வெளிய ஓடு. எதையும் நிமிந்து பாக்காத. ஓடு."

அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம். சுர்ரென்று.

"அக்கா." குரல் தாழ்ந்திருந்தது. "அசையாதன்னு இப்ப நீயா சொன்ன?"

"நான் சொல்லல."

மூச்சு. தங்கையுடையது. பிறகு, இன்னொன்று. நீளமானது.

"குட்டி?"

ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

திரை மீண்டும் ஒளிர்ந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

தங்கை திரும்பியிருந்தாள். அந்த விற்பனைப் பக்கத்தில் வந்த முதல் முகம். வாய் பாதி திறந்திருந்தது. படம் துளியும் கலங்கவில்லை. கண்ணின் சிவந்த நரம்புகூடத் தெளிவாக இருந்தது. அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தன. வெகு மேலே, கூரையை ஒட்டி, படம் எடுத்தவரின் முகம் இருந்த இடத்தை.