மேபலுக்குக் கொடுத்த சூடு

மேபலின் நாக்கு அடிக்கடி வெளியே வந்து போனது. டார்லாவுக்கு அது என்னவோ பிடிக்கவில்லை.

காலையில் தொட்டுப் பார்த்தபோது அந்தப் பாம்பு அம்மிக்கல் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. முந்தின நாள் பெய்த உறைமழையில் மிசூரி மலைப்பக்கத்து மரங்களெல்லாம் பனிக்கட்டி பூசிக்கொண்டு மின்கம்பிகள் மேல் சாய்ந்துவிட்டன. மின்சாரம் போனதோடு, கூண்டைச் சூடாக வைத்திருக்கும் தகடும் அணைந்துபோயிற்று. பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும் ஓக் மரத்தை யாராவது வந்து அறுக்கும்வரை வண்டியை எடுக்க வழியில்லை. மலைப்பாம்புக்குக் குளிர் ஆகவே ஆகாது. நெஞ்சில் சளி கட்டி, வாயைப் பிளந்தபடி செத்துப்போகும். பதினோரு வருடம் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த ராய்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? இப்படிப்பட்ட நேரத்தில் பாம்பு வளர்ப்பவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். தடித்த பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, பதினாறு அடி மஞ்சள் பாம்பைத் தோளிலும் மடியிலும் சுற்றிப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டான். மனித உடம்புச் சூட்டை விட்டால் அதற்கு வேறு மருந்து இல்லை. பெரிய பாம்பைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் டார்லாவும் ஒட்டி உட்கார்ந்து வாலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு போர்வை, பாம்புக்கு நாலு. நல்லா இருக்குய்யா உன் நியாயம்."

"போன வருஷம் அவ எனக்கு முட்டை போட்டுக் குடுத்தா. நீ என்னத்தப் போட்ட?"

"சண்டை போட்டேனே, பத்தாதா?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளதைச் சொல்வதென்றால், மேபல் மேல் அவளுக்கும் பாசம் உண்டு. ஆனால் அது பயத்தோடு ஒட்டிக்கொண்ட பாசம். ராய்ஸுக்கு இருப்பதில் பயமே கிடையாது.

குளிர் நுழையாமல் இருக்க ஜன்னல்களில் கம்பளி அடித்திருந்ததால் மத்தியானமே வீடு இருண்டு கிடந்தது. மேஜை மேல் எரிந்த மெழுகுவத்தியின் கொழுப்பு வாசனையும், ஈரக் கம்பளியின் வாடையும், கோட்டிலிருந்து எழுந்த வைக்கோலும் மூத்திரமும் கலந்த ஏதோ ஒரு நெடியும் போர்வைக்குள் வெதுவெதுப்பாகத் தேங்கி நின்றன. வெளியே பனியின் பாரம் தாங்காமல் கிளைகள் படீர் படீரென்று முறிந்துகொண்டிருந்தன. டார்லாவின் மடியில் கிடந்த வால் முதலில் கல்லாக இருந்து, பிறகு மெல்ல இளகி, தோலுக்கடியில் தசை ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு, அவள் தொடையை அழுத்திப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தது. பிழைத்துக்கொண்டது என்று அவள் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அவளோ தொடையை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

நாக்கு. ராய்ஸின் கோட்டை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு பொத்தானாகத் தடவி, பையின் வாயில் நின்று, கைமுனைக்கு இறங்கியது. அந்தக் கைமுனையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. டார்லா குனிந்து பார்த்தாள்.

முயல் ரோமம்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிந்ததும் கொல்லைக் கூண்டில் முயல்கள் விறைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கதவோரம் தொங்கிய கோட்டை உருவிக்கொண்டு ஓடி, அத்தனையையும் அதில் சுருட்டி அள்ளி வந்து துணி துவைக்கும் அறையில் விட்டது அவள்தான். பிறகு கோட்டைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டாள். அந்த முயல்களை வளர்ப்பதே மேபலின் சாப்பாட்டுக்குத்தான்.

"ராய்ஸ். அந்தக் கோட்டக் கழட்டு."

"இந்தக் குளிர்லயா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

"காலைல முயல் எல்லாத்தயும் அதுலதான் அள்ளிட்டு வந்தேன்."

அவன் காலரை மோந்து பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"செல்லம், என் வாசனை அவளுக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா என் கையில வளந்தவ."

தெரியாது. அதை டார்லாவுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். முயல் வாடை அடித்து, சூடாகவும் இருந்தால், பாம்புக்கு அது சாப்பாடு. அதற்கு மேல் அதன் தலைக்குள் எதுவும் இல்லை. கூண்டைத் திறக்கும்போதெல்லாம் இரும்புக் கொக்கியால் உடம்பைத் தொட்டு, இது தீனி இல்லை என்று தெரிவித்த பிறகுதான் கையை உள்ளே விடுவான். ஊருக்கெல்லாம் அப்படிப் பாடம் எடுக்கிறவன், இப்போது தன் பெருமையை விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். டார்லாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"மெதுவா எழுந்திரிய்யா. உன்னக் கும்பிடுறேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் புரிந்துகொண்டுவிட்டான். மெல்ல முதல் பொத்தானைக் கழற்றினான்.

நாக்கு நின்றது. கழுத்து பின்வாங்கி வளைந்தது.

பாய்ந்ததை அவள் பார்க்கவே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தபோது பாம்பின் வாய் அவன் மேல்கையைக் கோட்டோடு சேர்த்துக் கவ்வியிருந்தது. அவள் மடியிலிருந்த வால் உருவிக்கொண்டு பறந்தது. போர்வைகள் சிதறின. மெழுகுவத்தி உருண்டது, ஆனால் அணையவில்லை. ஒரு சுற்று. இரண்டாவது. மூன்றாவது அவன் கழுத்துக்கடியில்.

"வாலு... வாலுலேருந்து..."

வால் நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடிப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது. பிடி வழுக்கியது. விட்டதை அது திரும்ப எடுத்துக்கொண்டது. ராய்ஸ் மூச்சை விட்டான். விட்ட இடத்தையும் எடுத்துக்கொண்டது.

அடுக்களைக்கு ஓடினாள். விஸ்கியை வாயில் ஊற்றினால் பாம்பு விட்டுவிடும் என்பார்கள். முழுப் பாட்டிலையும் கொண்டுவந்து கவிழ்த்தாள். மேபலின் வாய் நிறையக் கோட்டுப் பஞ்சு. விஸ்கியை எல்லாம் பஞ்சு குடித்துவிட்டது.

கத்தியை எடுத்து வந்து சோபாவில் அவனை ஒட்டி மண்டியிட்டாள்.

அவன் முகம் நீலம் பாரித்திருந்தது. அந்தக் கண்ணில் இன்னும் பாசம்தான் இருந்தது. அவள் மேல் அல்ல, பாம்பின் மேல்.

"குத்தாத... அவ மேல... தப்பில்ல..."

இருந்த கடைசி மூச்சை, பாவி, அதற்குச் செலவழித்தான். அவள் ஒரு கணம் தயங்கினாள். ஒரே ஒரு கணம்தான். பிறகு, அவன் நெஞ்சுக்கு இடம் கிடைக்கட்டும் என்று இடது கையைச் சுற்றுக்குள் நுழைத்து, வலது கையால் குத்தினாள். இழுத்தாள். மறுபடி குத்தினாள். மஞ்சள் தோல் பிளந்தது. ரத்தம் சூடாக இருந்தது, அவர்கள் இருவரும் சேர்ந்து கொடுத்த சூடு. அவள் கதறிக்கொண்டே குத்தினாள். வலி தாங்காமல் பாம்பு உடம்பு முழுவதையும் முறுக்கியது. ராய்ஸுக்குள் ஏதோ முறிந்தது. இன்னொன்று. அவள் கை எலும்பும். கத்தி வழுக்கிச் சோபாவுக்கடியில் போய்விட்டது.

கையை இழுத்தாள். வரவில்லை.

உள்ளங்கைக்கடியில் அவன் நெஞ்சு துடித்தது. விட்டு விட்டு. ஒன்று. அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அப்புறம் இல்லை.

இரையின் நெஞ்சு நின்றதும் பாம்பு பிடியை விட்டுவிடும். துடிப்பு இருக்கும்வரை நெரிக்கும், நின்றதும் தளரும். ராய்ஸ் பெருமையாகச் சொல்வான். அவள் காத்திருந்தாள். இப்போது விடும். இப்போது.

விடவில்லை. இன்னும் இறுகியது. ஏனென்று அவளுக்குப் புரிந்தது.

அவள் மணிக்கட்டில் நாடி அடித்துக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அசையாமல் இருந்தாள். நெஞ்சைச் சும்மா இரு என்று சொல்ல முடியுமா? அது தடதடவென்று ஓடியது. ஓட ஓட இறுக்கியது. ராய்ஸின் கழுத்திலிருந்த சுற்று மட்டும் நிதானமாக அவிழ்ந்து, ரத்தம் சொட்டச் சொட்ட, அவள் முழங்கையைத் தாண்டி ஏறியது.

தாங்கிப் பிடித்த சுற்று போனதும் ராய்ஸின் தலை அவள் தோளில் சாய்ந்தது, டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறவன் மாதிரி. மறுபக்கம் மேபல் கோட்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. பல்லில் பஞ்சு தொங்கியது. நாக்கு அவள் கழுத்தைத் தொட்டது. நரம்பு துடிக்கும் இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.