முடியாத பெயர்

பகல் பதினோரு மணிக்குப் பூட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். கம்ப்யூட்டர்களுக்கு ரகசியப் பூட்டுப் போடுவது அவள் வேலை. அந்தப் பட்டப்பெயர் அவள் தம்பி வைத்தது. அவன் இப்போது நான்காம் மாடி இதய வார்டில், ஒன்பதாம் படுக்கையில், நெஞ்சில் தையலோடு கிடக்கிறான். அவனைப் பார்க்கப் போகாமல், தரைக்குக் கீழே இருந்த சர்வர் அறைக்கு நேராக இறங்கினாள்.

வார்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கருவி. நோயாளியின் நாடித்துடிப்பை அது நர்ஸ் மேஜைத் திரைக்கு அனுப்பும்; துடிப்பு தடுமாறினால் அங்கே மணி அடிக்கும். நடுவில் காவல் நிற்பது ஒரு பூட்டு மென்பொருள். ஊர் பேர் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டது. நல்ல சரக்குதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. வருகிற கருவி முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். முடிவில்லாமல் நீளும் கோணலான பெயர் ஒன்று வந்துவிட்டால் பூட்டு அதையே படித்துக்கொண்டு நிற்கும். மற்றக் கருவிகள் கதவைத் தட்டினாலும் அதன் காதில் விழாது.

இந்த வாரம் இரண்டு முறை திரை உறைந்துவிட்டது. இரண்டு முறையும் மணி அடிக்காமலே ஓர் உயிர் போனது.

கீழே ஈரச் சிமெண்ட் வாசனை, பினாயில் நெடி, விசிறிகளின் இரைச்சல். பதிவுகளைத் திறந்து பார்த்தாள். இரண்டு முறையும் பூட்டு கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஆளைத்தான்.

படுக்கை 17.

போனில் வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், பதினேழாவது பெட் எங்க இருக்கு?"

"இங்க பதினாறு பெட்தாம்மா." சிஸ்டரின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "முன்னாடி இருந்துச்சு. ரோட்ல கிடந்தார்னு ஒரு பெரியவரைக் கொண்டு வந்தாங்க. பேரைக் கேட்டா சொல்ல ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். சொல்லிட்டே இருப்பார். எத்தனை நேரம்தான் கேக்கறது? மத்த பெட்டை யார் பாக்கறது? பாதியிலயே எழுந்து போயிட்டேன். திரும்பி வந்தப்ப உயிர் இல்ல."

"அவரோட கருவி?"

"ஸ்டோர்ல கிடக்கு. ஒயரையே கழட்டியாச்சு."

இதற்கெல்லாம் பயந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள் இல்லை பூட்டுக்காரி. மேலே தம்பி கிடக்கிறான். அவனுக்கு ஒன்று என்றால் மணி அடித்தாக வேண்டும், அவ்வளவுதான். கொண்டு வந்த திருத்தத்தை ஏற்றினாள். இனிமேல் பெயர் நீண்டுகொண்டே போனால் பூட்டு பாதியிலேயே துண்டித்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு வந்தது.

படுக்கை 17. பெயர் முடியவில்லை. மறுக்கப்பட்டது.

மறுபடியும். மறுக்கப்பட்டது.

மறுபடியும்.

திரை நிறைய அதே வரி ஓடியது. பன்னிரண்டு பத்துக்குச் சட்டென்று நின்றுவிட்டது.

"தொலைஞ்சுது," என்று வாய்விட்டே சொன்னாள். மனசு லேசானது. படியேறி வார்டுக்குப் போனாள்.

ஒன்பதாம் படுக்கையில் தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "என்ன பூட்டுக்காரி, பூட்டிட்டியா?"

"பூட்டியாச்சுடா. இனிமே எவனும் உள்ள வர முடியாது."

சிஸ்டர் மாத்திரையோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கொடுப்பதற்கு முன் பெயரைக் கேட்பது அங்கே வழக்கம்.

"பேரைச் சொல்லுங்க தம்பி."

அவன் வாயைத் திறந்தான்.

முதல் எழுத்தே அவன் பெயரின் எழுத்து இல்லை.

இரண்டாவது எழுத்து. மூன்றாவது. மூச்சு விடாமல், கரகரப்பான கிழட்டுக் குரலில். கண்கள் மட்டும் தம்பியின் கண்கள். அவை அக்காவைப் பார்த்துக் கெஞ்சின.

"டேய்," என்றாள். "போதும்டா."

அவன் நிறுத்தவில்லை. இந்தத் தடவை சிஸ்டர் பாதியில் எழுந்து போகவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை. பூட்டுக்காரியாலும் அசைய முடியவில்லை. இதோ, அடுத்த எழுத்தோடு முடிந்துவிடும் என்று காதைக் கொடுத்தபடி நின்றாள்.

நர்ஸ் மேஜையில் மூன்றாம் படுக்கையின் மணி அடித்தது. சற்றுப் பொறுத்து ஒன்பதாம் படுக்கையின் மணியும் அடித்தது. பிசகில்லாமல், அவள் சரிசெய்து வைத்தபடியே அடித்தது.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் இன்னும் முடியவில்லை.