எட்டாவது துணி

2019 ஜனவரி 23, புதன்கிழமை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரம், லாங்ராய்ட் தெரு, பதினான்காம் எண் வீடு. காலை ஆறு இருபதுக்குச் சமையலறை பாய்லரின் அழுத்தமானி பூஜ்யம் காட்டியது.

டங்கன் ஹெப்வர்த் அதை ஒன்பதாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இரவும் தண்ணீர் விட்டு முள்ளை ஒன்றரைக்கு ஏற்றிவிட்டுப் படுக்கிறான். விடிந்தால் முள் கீழே கிடக்கிறது, பாய்லர் அணைந்திருக்கிறது, ஜன்னல்களின் உள்பக்கம் பனி படிந்திருக்கிறது. கசிவைத் தேடித் தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தான். வெந்நீர் சுற்றி அறைகளைச் சூடாக்கும் ஏழு ரேடியேட்டர்களின் அடியிலும் காகிதம் விரித்துவைத்தான். ஒரு காகிதம்கூட நனையவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குழந்தை வீட்டுக்கு வருகிறாள். ஏழு வாரம் முன்கூட்டிப் பிறந்த ஹெட்டி. இரண்டு கிலோ முந்நூறு கிராம். குழந்தை படுக்கும் அறை பதினெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அனுப்ப மாட்டோம் என்று மருத்துவமனை நர்ஸ் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவன் மனைவி லோர்ணா ஆறு வாரமாக அந்த வார்டு நாற்காலியிலேயே தூங்குகிறாள்.

லோர்ணாவின் அண்ணன் பேரி பாய்லர் வேலை செய்பவன். அந்த வாரம் அபர்டீனில் மாட்டிக்கொண்டிருந்தான். போனில் சிரித்தான்.

"மூடின சிஸ்டம் மாப்ள அது. உள்ள இருக்கிற தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்திச்சுத்தி வரும். தானா குடிக்காது. உன் வீடு என்ன, உன்ன மாதிரியா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சூடு வரணும் பேரி. சிரிக்காத."

"சரி, சரி. மொத்தத் தண்ணியையும் வடிச்சுரு. கசிவ அடைக்கிற மருந்து ஒண்ணு கடையில கிடைக்கும், அத ஊத்திப் புதுசா நிரப்பு. பஸ் இன்ஜினப் பிரிக்கிறவன், இது உனக்கு ஜுஜுபி. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. வடியறதுக்கு மேல காத்து வால்வத் திறந்து விடணும். கவுத்த பாட்டில் மாதிரிதான், காத்து உள்ள போகாம தண்ணி வெளிய வராது. திரும்ப நிரப்பறப்ப எல்லாத்தையும் மூடணும். ஒண்ணு மறந்தாலும் வீடு நாறிப்போகும்."

"எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?"

"எங்காளுங்க எல்லாம் துணி வைப்பாங்க. திறந்த வால்வுக்கு அடியில ஒரு துணி. மூடினதும் துணிய எடுத்துரு. வச்ச துணி எல்லாம் கைக்கு வந்துச்சுன்னா வேலை முடிஞ்சுது."

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு டங்கன் ஒரு பழைய நீலத் துண்டை ஏழாகக் கிழித்தான். சமையலறை ரேடியேட்டரின் அடியிலிருந்த வடிகுழாயில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பின்கதவு வழியாக முற்றத்துச் சாக்கடையில் விட்டு, திருகைத் திருப்பினான். தண்ணீர் கன்னங்கரேலென்று வந்தது. அரைத்த இரும்பும் ஊறிப்போன நாணயமும் கலந்த வாசனை முற்றம் முழுக்க ஏறியது. பனியில் அதிலிருந்து ஆவி எழுந்தது. பாய்லர் நேற்றுக் காலையிலிருந்து அணைந்தே இருக்கிறது. ஆவி எப்படி வருகிறது என்று யோசித்தபடி சிறிது நேரம் நின்றான்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. மேலே அவன் இன்னும் ஒரு வால்வைக்கூடத் திறக்கவில்லை. தண்ணீரோ திக்கித் திணறாமல், ஒரே கயிறாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மாடியில், மெல்லிசாக, நீளமாக, பல்லிடுக்கில் யாரோ மூச்சை உள்ளிழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

வால்வு ஏதாவது தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வால்வைத் திருகும் பித்தளைச் சாவியோடு மேலே போனான். பெரிய அறை, குழந்தைக்கான சின்ன அறை, குளியலறை, மாடி நடை. கீழே முன்னறை, நடை, சமையலறை. ஒவ்வொன்றாகத் திறந்தான். ஏழு வால்வு, ஏழு நீலத் துணி. எதுவும் தளர்ந்திருக்கவில்லை; எல்லாமே சாவிக்கு முரண்டு பிடித்தன.

மூன்றரைக்கு வடிந்து முடிந்தது. வீட்டுக்குள் தெரு வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டே வந்து துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டான். சின்ன அறையில், ரேடியேட்டருக்கு எதிர்ப்பக்கம், பல காலம் முன்பே செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்ட கணப்படுப்பின் சுவரோரத்தில், ஒரு துணி கிடந்தது. அதையும் குனிந்து எடுத்துக்கொண்டு இறங்கினான்.

சமையலறை மேஜையில் எண்ணினான். எட்டு.

எட்டாவது நீலமில்லை. வெள்ளை. குழந்தைக்குப் பால் துடைக்க லோர்ணா வாங்கி அடுக்கியிருந்த மெல்லிய துணிகளில் ஒன்று. நான்காக மடித்திருந்தது. நடுவில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், இன்னும் ஈரமாக.

அவள் அலமாரியிலிருந்து தவறி விழுந்திருக்கும். நாம்தான் ஈரக் கையோடு தொட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். அதை முற்றத்துக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினான். மருந்தை ஊற்றினான். பாய்லருக்கு அடியிலிருந்த நிரப்புக் குழாயைத் திறந்தான்.

வீடு நிரம்பத் தொடங்கியது. தரைக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம், சுவருக்குள் ஏறும் சத்தம், ஒவ்வொரு ரேடியேட்டரும் வயிறு இரைவதுபோல் இரைந்து அடங்கும் சத்தம். முள் அசையவில்லை. பத்து நிமிடம். இருபது. எல்லா வால்வும் மூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று அழுந்தி முள் ஏறியிருக்க வேண்டும். காற்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

மேலே போனான். விளக்கைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. சின்ன அறை வாசலிலேயே கேட்டது. மூச்சு விடும் சத்தம். நீளமாக, நிதானமாக, இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் விட்டுவிடுவதுபோல. அடைத்த சுவருக்குள்ளிருந்து.

காதைப் பூச்சில் வைத்தான். சத்தம் கனத்தது. கொப்பளித்தது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது.

ஒரு சொட்டு.

பிறகு கிறீச் என்று பித்தளை திரும்பும் ஓசை. கால் சுற்று. இன்னொரு கால் சுற்று.

அமைதி.

சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அச்சுப் பதியும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தான்.

கீழே முள் ஒன்றரையில் நின்றது. நிரப்புக் குழாயை மூடி, கழற்றி, இழுப்பறையில் வைத்தான். இனி இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியிலிருந்து சேர வழியில்லை. பேரியை அழைத்தான்.

"எத்தன வால்வு?"

"ஏழு."

"எத்தன துணி வந்துச்சு?"

"எட்டு."

"குடிச்சிருக்கியா மாப்ள?"

"இல்ல."

"முள்ளு நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் போய்த் தூங்கு. அப்பனாகிட்டா எல்லாருக்கும் கொஞ்சம் மூள கலங்கும்."

வெள்ளி மாலை வீடு முழுக்க இருபத்தொரு டிகிரி. லோர்ணா கோட்டைக்கூடக் கழற்றாமல் சின்ன அறையின் நடுவில் நின்று அழுதாள். பிறகு சுவரைத் தடவினாள்.

"இங்க பாரேன், இந்த இடந்தான் நல்லா கதகதன்னு இருக்கு. தொட்டில இங்க போடு."

"ரேடியேட்டர் அந்தப் பக்கம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். குழந்தைக்கு இதமா இருக்கும். தள்ளுப்பா, கண்ணு."

தள்ளினான்.

முள் அதன் பிறகு இறங்கவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்று புள்ளி ஆறில் இருந்தது. வெள்ளியன்று ஒன்று புள்ளி எட்டு. பாய்லர் ஆறிக் கிடக்கும் விடியற்காலையிலும் அதேதான். டங்கன் இழுப்பறையைத் திறந்து நிரப்புக் குழாய் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

வீட்டுக்கு வந்த நர்ஸ் ஹெட்டியைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ நூற்றுத்தொண்ணூறு. திங்களன்று இரண்டு கிலோ எண்பது. "நல்லாக் குடிக்கிறாளா?" என்றாள்.

"விடாமக் குடிக்கிறா," என்றாள் லோர்ணா. "குடிச்சிட்டே இருக்கா."

அன்று அவன் தொட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினான். ஹெட்டி மூன்று மணி நேரம் கத்தினாள். லோர்ணா அதைத் தானே பழைய இடத்துக்கு இழுத்தாள். சக்கரம் நின்றதும் அழுகை நின்றது.

"அந்தச் சுவரு பக்கம் ஏதோ இருக்கு லோர்ணா."

"சூடு இருக்கு. வேற என்ன இருக்கு? நான் கண்ணசந்து எத்தன நாளாச்சு தெரியுமா? அதத் தொட்ட, உன்னத் தூக்கித் தெருவுல போடுவேன். மெய்யாத்தான் சொல்றேன்."

பிப்ரவரி 6. மறுநாள் காலை ஹெட்டியைத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே போயிருந்தாள். முள் இரண்டரை. மாலை நாலரைக்கு லோர்ணா மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். ஹெட்டி மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். டங்கன் ரப்பர் குழாயை மாட்டினான். உள்ளே இருப்பது எதுவோ அதை வெளியேற்றிவிட வேண்டும், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், மகளைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவன் மனத்தில் இருந்தது.

திருகைத் திருப்பினான்.

கறுப்பாக வரவில்லை. முற்றத்துக் கல்லில் வெள்ளையாகப் பரவியது. குனிந்து விரலை நீட்டினான். உடம்புச் சூடு. இரும்பு வாசனை இல்லை. ஹெட்டியின் கழுத்து மடிப்பில் வரும் வாசனை. பால்.

திக்கவில்லை. திணறவில்லை. ஒரே கயிறாக வந்தது.

மேலே ஒரு வால்வும் திறக்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. காற்று உள்ளே போகாமல் வெளியே வராது.

மாடியில் கிறீச். கால் சுற்று.

நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது.

ஹெட்டி அழத் தொடங்கினாள். பாதியில் நின்றாள்.

அவன் திருகை மூடினான். கை வழுக்கியது. மறுபடி மூடினான். திருகு கடைசிவரை போய் நின்றது. வெள்ளை நிற்கவில்லை. குழாயைப் போட்டுவிட்டு ஓடினான். பதின்மூன்று படி. ஒவ்வொரு படியிலும் அந்த மூச்சு போய்க்கொண்டே இருந்தது. வாசலை அவன் தொட்டபோது அடங்கியது.

தொட்டில் சுவரோடு ஒட்டியிருந்தது. ஹெட்டி மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கவில்லை. அவள் மோவாய்க்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி, நான்காக மடித்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நடுவில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

கீழே அழுத்தமானி பூஜ்யம் காட்டியது. மணி நான்கு ஐம்பது.