கங்கைக்கரையில் விட்டது

"ஏட்டி! கண்ணை எங்கன வச்சுட்டு வாரே?"

ஆயிரம் பேர் ஏதேதோ பாஷையில் கத்திக்கொண்டிருந்த காசியின் படித்துறையில், கோமதித்தாயின் காதில் விழுந்த தமிழ் இது ஒன்றுதான். அதுவும் அசல் திருநெல்வேலித் தமிழ்! வேறு நாளாக இருந்தால், முன்பின் தெரியாத ஒருவன் தன்னை 'ஏட்டி' என்றதற்குச் சங்கரன்கோவில் ரதவீதி முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கொடுத்திருப்பாள். வாய்க்குப் பஞ்சமில்லாத பெண். இன்றோ, அவன் முகத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

அவன் பதறிப் போனான். அவள் மோதிய வேகத்தில் நழுவப் பார்த்த ஒரு சின்னக் கலயத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய கலயம்.

"கோவத்துல வந்துட்டு... அழாதீங்க. நம்ம ஊர்ப்பக்கமா?"

"சங்கரன்கோயிலு. எங்கப்பாவைக் காணலை..."

யாத்திரைக் கூட்டத்தோடு வந்திருந்தார்கள், அப்பாவும் மகளும். கங்கையில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரப்புடவை மாற்றத் தட்டி மறைவுக்குப் போனாள். திரும்பி வந்தால் படியில் அப்பாவின் துண்டு மட்டும் கிடக்கிறது. அப்பா சண்முகையாவுக்கு இருதயம் பலவீனம். கொஞ்சம்கூட அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அவரோ ரயில் ஏறியதிலிருந்து, "காசியில உயிர் போனா எம்புட்டுப் புண்ணியம் தெரியுமா மக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். தாயில்லாத மகளிடம் சொல்கிற பேச்சா அது?

"ஆத்துல..." என்றாள்.

"சீ... நல்லதை நெனைங்க. துண்டை வச்சுட்டு எந்த மனுசன் தூரமாப் போவான்? வாங்க."

முன்னால் நடந்தான். நெடுநெடுவென்ற உயரம், தாடி மழித்து நாளாகியிருந்தது. கூட்டத்துக்குள் அடிக்கொரு தரம் திரும்பி, அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டான். அந்தக் கண்கள்... அழுது ஓய்ந்த கண்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவைத் தொலைத்துவிட்டு இதையா கவனிக்கிறோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

படி படியாகத் தேடிப் போனார்கள். காற்றில் புகை வாடை ஏறியது. கரையோரம் சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. கோமதி அதற்குமேல் நடக்கவில்லை. தூரத்தில், ஒரு படகின் பக்கத்தில், யாரோ ஒரு பெரியவர் மல்லாந்து கிடந்தார்... அப்பாவின் வேட்டிக்கரை போல இருந்தது. அசைவே இல்லை.

"என்னால போய்ப் பாக்க முடியாது..."

"நான் பாக்குதேன். இதைப் பிடிங்க." கலயத்தை அவள் கையில் வைத்தான். "பைய. எங்கம்மா."

அவனுடைய அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். அம்மாவைக் கரைக்க வந்த இடத்தில், யாரோ ஒருத்தியின் அப்பாவுக்காக ஓடுகிறானே...

காசிக்கு வந்தவர்கள் பிடித்ததில் ஒன்றைக் கங்கைக்கரையில் விட்டுவிட வேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. காலையில் அப்பா கத்தரிக்காயை விட்டார். 'நீ என்ன விடுதே?' என்று கேட்டதற்கு, 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்றிருந்தாள். இப்போது அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

'கங்கம்மா... எங்கப்பாவை உசுரோட கொடுத்துரு. என் மனசுக்குப் பிடிச்சதை இங்கனயே விட்டுட்டுப் போயிருதேன்.'

கண்ணைத் திறந்தாள். புகைக்கு நடுவே அவன் வந்துகொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்தபடி, தள்ளாடித் தள்ளாடி... அப்பா!

"தலை சுத்திட்டு மக்கா, கொஞ்சம் சாஞ்சேன்..."

கலயத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கோமதி தலைநிமிரவில்லை. நன்றிகூடச் சொல்லாமல் அப்பாவை அணைத்துக்கொண்டு படியேறினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாவி, எதை விட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சங்கரன்கோவிலில் ஆடி மாதம். தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, கோமதி அம்மன் சந்நிதி ஜேஜே என்றிருந்தது. கோமதித்தாய், வேண்டிக்கொண்டு பிரகாரம் வலம் வரும் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள். பிரகாரத் தூண் ஒன்றின் அடியில் உட்கார்ந்திருந்தார் சண்முகையா. நெஞ்சில், நோய் தீர்க்கும் என்று அவள் பூசிவிட்ட கோயில் புற்றுமண். ஒவ்வொரு சுற்றிலும் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டே அவள் கடப்பாள்.

ஒரு சுற்றில் திரும்பியபோது சட்டென்று நின்றாள். அப்பாவுக்குப் பக்கத்தில், விசிறியால் வீசிக்கொண்டு... அவன்!

"கோமதி! காசியில என்னையத் தூக்கி விட்ட புள்ளை! புளியங்குடியாம். எலுமிச்சம்பழ யாவாரம். பேரு தங்கப்பழம்!" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் பதில் சொல்லாமல் நடையை எட்டிப் போட்டாள். விட்டதைத் தொட்டால் என்ன ஆகும்? கங்கை கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"ஆடிச்சுற்று சுத்தாத பொம்பளை சங்கரன்கோயில்ல உண்டான்னு, கொடியேறுன நாள்லருந்து இங்கன காத்துக் கிடக்கேன். எங்கம்மாவைக் கரைச்சுட்டு ஏறி வந்து பாத்தா ஆளைக் காணோம். ஏட்டின்னதுக்கு இம்புட்டுக் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லை. போயிருங்க... உங்களைக் கும்பிடுதேன்."

"காரணத்தைச் சொல்லுங்க. போயிருதேன்."

சொன்னாள். நடந்துகொண்டே, அழுதுகொண்டே, வேண்டுதலை ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கப்பழம் சிரித்துவிட்டான்.

"அம்புட்டுதானா! ஏட்டின்னு வஞ்சவனைப் போயி யாருக்காவது பிடிக்குமா? மாம்பழம், முருங்கக்கா எதையாவது நெனச்சிருப்பிய. அதை விட்டுருங்க."

கோமதி நின்றாள். முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அப்ப என் மனசுல ரெண்டே பேருதான் இருந்தாக. ஒண்ணு எங்கப்பா. அவுகளை விட முடியுமா?"

தங்கப்பழம் தன் எலுமிச்சம்பழப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். இருவரும் மூலை திரும்பினார்கள்.

தூணடியில் சண்முகையா ஒருக்களித்துச் சரிந்து கிடந்தார். விசிறி தள்ளி விழுந்திருந்தது.

"நான் மனசுல உள்ளதைச் சொல்லிட்டேன்லா... அதான்..." என்றாள் கோமதி. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இதைப் பிடிங்க." பையை அவள் கையில் திணித்துவிட்டு அவன் ஓடினான். அன்று ஓடியது போலவே.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். 'விட்டுருதேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அப்பா எழுந்துவிடுவார்... சொல்லிவிட்டால் அவன் போய்விடுவான். பல்லைக் கடித்தாள்.

'தாயே கோமதி... எனக்கு ரெண்டு பேரும் வேணும். இந்தத் தடவை நான் எதையும் விட மாட்டேன்.'

"என்ன வே, கண்ணசர விட மாட்டியளா? இப்படிப் போட்டு உலுக்குதிய!"

அப்பாவின் குரல்! எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சுத்து முடிஞ்சுதா மக்கா? ஏன் பேயடிச்சாப்புல நிக்கே?"

கோமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தங்கப்பழம் திரும்பி வந்து பைக்காகக் கை நீட்டினான். அவன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவனும் பயந்திருக்கிறான்!

"தாங்க... நான் கிளம்புதேன். உங்களுக்குப் பயமா இருந்தா இனிமே இந்தப் பக்கம் வரலை."

"பயமாத்தான் இருக்கு," என்றாள் கோமதி. "இனியும் இருக்கும். அன்னைக்குத் திரும்பிப் பாக்காமப் போனேன்ல... வீடு வந்து சேருத வரைக்கும் அழுதேன். இனி என்னால அப்படிப் போக முடியாது. எனக்கு நீங்க வேணும்."

பையைக் கொடுக்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனுக்கும் இடம் விட்டாள்.